நன்றி மறவாமையும் உண்மை மறவாமையும்

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. நான் படித்த விடுதிப் பள்ளி பவள விழாக் கொண்டாடுகிறது. பழைய மாணவர்கள் அனைவரும் குடும்பத்தோடு வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டும் என்பது அதன் செய்தி. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை. அதன் முகப்பில் பள்ளிக் கட்டடத்தின் படம். அதனைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு மாத காலம் விடை எழுதவில்லை. ‘போவதானால் இப்போதே பயணச்சீட்டுப் பதிய வேண்டுமே’ என்று என் துணைவியார் இருமுறை நினைவூட்டினார். ‘பார்க்கலாம்’ என்றேன்.

அந்தப் ‘பார்க்கலாம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் கிடந்த தயக்கம் என் ஒருவனுக்கே உரியதன்று. விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பலரிடமும் அதனைக் கண்டிருக்கிறேன். மும்பையில் வாழும் என் வகுப்புத் தோழர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை அப்பள்ளிக்குச் சென்று, கொடிமரத்தடியில் சிறிது நேரம் நின்று, கண்கலங்கித் திரும்புவார். பெங்களூரில் வாழும் மற்றொரு தோழரோ, அவ்வூர் வழியாகச் செல்லும் இரயிலில் ஏறுவதற்கும் மனம் ஒப்பமாட்டார். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே கூடத்தில், பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். இருவரும் பொய் சொல்லும் இயல்பினர் அல்லர். எனின், எவர் உணர்வு நேரியது? நன்மையும் தீமையும் ஒருங்கே செய்த ஓர் இடத்திற்கு நாம் பட்ட கடன்தான் யாது? போகாதிருத்தல் நன்றி கொன்றதாகுமா? போய் மாலை ஏற்றுப் புன்னகை புரிந்து வருதல் பொய்யாகுமா? இவ்வினாக்களைத் தமிழன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுதிப் பள்ளி என்பது செல்வர் வீட்டு ஆடம்பரமாக இருந்ததில்லை; பெரும்பாலும் வேறு வழியின்மையால் வந்தது. என் தந்தையார் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் பணியாற்றினார். தில்லி, நாகபுரி, குவாலியர் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல். தில்லியில் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஆயின் மாற்றலாகிப் போகும் ஊர்களுக்கெல்லாம் அவை உடன் வருமா? ஐந்தாம் வகுப்பு முடித்தபோது எனக்கு இந்தி தடையின்றி வந்தது. தமிழிலோ என் பெயரை மட்டுமே பிழையின்றி எழுதுவேன். ஊரிலிருந்த பாட்டனாருக்கு நான் எழுதிய கடிதம் ஒன்றை என் தாயார் படித்துப் பார்த்து, நெடுநேரம் பேசாதிருந்து, பின் தம் கையாலேயே வேறு கடிதம் எழுதி அனுப்பினார். அன்றிரவே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

1964-ஆம் ஆண்டு, என் பத்தாம் வயதில், தந்தையாரோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறினேன். சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய், மீட்டர்கேஜ் வண்டியில் திருநெல்வேலிச் சீமையை அடைந்தோம். பெயரும் எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதிய தகரப் பெட்டி ஒன்று. பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டும் டம்ளரும். ஒரு பாய், ஒரு போர்வை. இவற்றோடு என்னை விட்டுவிட்டுத் தந்தையார் வாயிற்படியைக் கடந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கல்நெஞ்சர் என்று அன்று எண்ணினேன். நானும் என் மகனை ஒரு கல்லூரி விடுதியில் விட்டு வந்த நாளில்தான், திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்பது விளங்கிற்று.

விடுதி வாழ்வை அறிந்தோர்க்கு அதன் ஒழுங்கை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐந்து மணிக்கு மணியடிக்கும். கிணற்று நீரில் குளியல், இறைவணக்கம், படிப்புக் கூடம். ஞாயிறு தோறும் வீட்டுக்கு உள்நாட்டுக் கடிதம் எழுத வேண்டும். எழுதி முடித்து, ஒட்டாமல், வார்டனிடம் தர வேண்டும். அவர் படித்த பின்னரே அது ஒட்டப்படும். ஆகவே எங்கள் கடிதங்கள் யாவும் ஒரே கடிதமாகவே இருந்தன: ‘நான் இங்கு நலம். நன்றாகப் படிக்கிறேன். உணவு நன்றாக இருக்கிறது.’ ஏழாண்டுகளில் நான் எழுதிய முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்களை என் தாயார் நூலால் கட்டி வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அவற்றைப் பிரித்துப் படித்தேன். அவற்றுள் ஒன்றிலேனும் நான் இல்லை.

நான் சேர்ந்து சில மாதங்களில், 1965 ஜனவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகம் எங்கும் மூண்டது. இந்தி பேசத் தெரிந்த நான் விடுதியில் ‘தில்லிக்காரன்’ ஆனேன். கோடை விடுமுறைக்கு வடக்கே சென்றாலோ அங்குள்ள சிறுவர்க்கு நான் ‘மதராசி’. இரண்டு பெயர்களுக்கும் நடுவே நின்ற என்னைக் கைப்பிடித்து ஒரு கரையில் ஏற்றியவர் எங்கள் தமிழாசிரியர். மாலை விளையாட்டு முடிந்ததும் நாள்தோறும் அரைமணி நேரம் என்னைத் தனியே அமர்த்தி, லகர ளகர ழகர வேறுபாட்டிலிருந்து தொடங்கினார். அதற்கு அவர் பெற்ற கூலி யாதுமில்லை. ஓராண்டில் நான் வகுப்போடு சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டில் நன்னூல் நூற்பாக்களை ஒப்பித்தேன். இன்று இம்மலருக்கு நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் இட்ட பிச்சை. இது முகமனுக்காகச் சொன்னதன்று. என் வாழ்வின் கணக்கில் வரவு வைக்க வேண்டிய முதல் தொகை அதுதான்.

இனி, அக்கணக்கின் மறுபக்கம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலம் தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலம். 1967-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அரிசியே பெரும் பேச்சாக இருந்ததைப் பலர் நினைவுகூர்வர். விடுதியின் சாப்பாட்டுக் கணக்கு நிரவாமல் தடுமாறியது. அவ்வேளையில் ஒரு வழக்கம் தோன்றிற்று. மாதம் பத்தாம் தேதிக்குள் உணவுக் கட்டணம் வந்து சேராத மாணவர்களின் பெயர்களை வார்டன் உணவுக்கூடத்தில் உரக்கப் படிப்பார். பெயர் படிக்கப்பட்டவர்கள் தட்டைக் கையில் ஏந்தி மேற்குச் சுவரோரம் நிற்க வேண்டும். மற்றவர்கள் உண்டு எழுந்த பின்னரே அவர்கள் அமரலாம். அவர்களுக்கு உணவு மறுக்கப்பட்டதில்லை. அளவு குறைந்ததும் இல்லை. நிற்க வேண்டும், அவ்வளவே.

என் தந்தையாரின் மணியார்டர் ஒருமுறையும் தவறியதில்லை. அரசுச் சம்பளம், முதல் தேதி, ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். என் பக்கத்தில் அமரும் தோழனின் தந்தை பிலாய் உருக்காலையில் தொழிலாளி. அவருடைய பணம் சில மாதங்களில் பத்துக்குள் வரும். சில மாதங்களில் இருபதுக்கும் வராது. ஆகவே மாதத்தில் சில நாட்கள் என் பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும். அவன் எதிர்ச் சுவரில் இருப்பான். முதல் நாள் அவன் முகத்தை நான் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சில மாதங்கள் சென்றபின் சுவரோரம் சிலர் நிற்பது, கூடத்தில் தூண் நிற்பது போல, எங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிற்று. அவ்வாண்டு கோடை விடுமுறைக்குச் சென்ற அவன் மீண்டு வரவில்லை. எங்கே போனான், என்ன ஆனான் என்பதை இன்றுவரை அறியேன். அறிய முயன்றேனா என்றால், அதுவும் இல்லை.

இப்பொழுது அழைப்பிதழ் ஏன் இழுப்பறையில் கிடந்தது என்பது விளங்கும். எனக்கு அப்பள்ளி தீங்கு செய்யவில்லை. என் எதிரே ஒருவனுக்குத் தீங்கு செய்தது; நான் உண்டுகொண்டிருந்தேன்.

இத்தகைய மனக்குறை எழும்போது அதனை ஆற்றுவதற்கு நம்மிடையே சில விடைகள் வழங்கி வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதல் விடை, ‘காலம் அப்படி’ என்பது. அக்காலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் பிரம்பும் ஏச்சும் இயல்பாக இருந்தன. இன்றைய அளவுகோலால் அன்றைய செயலை அளத்தல் முறையன்று என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பள்ளியில் உடல் தண்டனையும் மனத்துன்புறுத்தலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் தான் நாடு முழுமைக்கும் விதித்தது. ஆயின், சட்டம் பின்னர் வந்தது என்பதனால் அறிவும் பின்னர்தான் வந்தது என்று கொள்ளலாகாது. தம் பள்ளி அனுபவத்தில் கசந்துபோன தாகூர், 1901-இலேயே சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். குழந்தையின் மனம் நோகாமல் கற்பிக்க இயலும் என்று எண்ணியவர்கள் அன்றும் இருந்தனர்.

இன்னும் நெருக்கமான சான்று நம் மண்ணிலேயே உண்டு. வ.வே.சு. ஐயர் நாட்டு விடுதலைக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்தவர்; திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் 1922-இல் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் உயர்ந்த நோக்கத்தில் பிறந்தது. அந்தக் குருகுலத்தில் சில பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது என்பது வெளிப்பட்டபோது, 1924-25 ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்து நின்றனர். காந்தியடிகள் வரை அச்சிக்கல் சென்றது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கப் போய் உயிர் நீத்தார். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்; அதற்கான காரணங்களுள் குருகுலத்துப் பந்தியும் ஒன்று என்பர் வரலாற்றாசிரியர். எங்கள் விடுதியில் சிலர் சுவரோரம் நிற்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பிள்ளைகள் உண்ணும் இடத்தில் வேற்றுமை காட்டலாகாது என்பதைத் தமிழகம் கண்ணீரோடு கற்றிருந்தது. அதுவும் எங்கள் பள்ளிக்குச் சில கல் தொலைவிலேயே கற்றிருந்தது. எனவே ‘காலம் அப்படி’ என்பது பாதி விடையே ஆகும்.

குருகுல வரலாறு மற்றொன்றையும் கற்பிக்கிறது. ஒருவர் தியாகி என்பதால் அவர் நடத்திய பந்தி நேராகிவிடாது. பந்தி கோணலாக இருந்தது என்பதால் அவர் தியாகம் பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒரு கையில் ஏந்துதல் அரிது. அரிது என்பதற்காக ஒன்றைக் கீழே போடுதல் தகாது.

இரண்டாம் விடை, ‘அந்தக் கண்டிப்புத்தான் நம்மை ஆளாக்கியது’ என்பது. பழைய மாணவர் கூட்டங்களில் இதனை மிகுதியாகக் கேட்கலாம். ஒருவர் மருத்துவர், ஒருவர் பொறியாளர், ஒருவர் ஆட்சிப் பணியாளர். மேடையில் ஏறி, அன்று பட்ட அடியே இன்று உயர்த்திற்று என்பார். கைதட்டல் எழும். இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. விழாவுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு அது. அடியால் ஒடிந்தவர்கள் அக்கூட்டத்திற்கு வருவதில்லை. அவர்களுடைய முகவரியும் சங்கத்தின் பதிவேட்டில் இராது. பிலாய்த் தொழிலாளியின் மகன் அம்மேடையில் ஏறி என்ன சொல்வான் என்பதை யார் அறிவார்? அன்றியும், துன்பத்தைத் தாங்கி ஒருவன் உரம் பெற்றான் என்றால் அப்பெருமை தாங்கியவனுக்கே உரியது. துன்பம் இழைத்தவனுக்கு அதில் பங்கில்லை. புயலில் தப்பிய தென்னையைக் காட்டிப் புயலுக்கு நன்றி சொல்வார் உண்டோ?

மூன்றாம் விடைதான் வலிமையுடையது. நம் மரபின் ஆழத்திலிருந்து வருவது. நன்றி மறத்தல் பாவங்களுள் தலையாயது என்பது அது. வள்ளுவர் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பிற அறங்களை அழித்தார்க்கும் உய்வு உண்டு, நன்றியை அழித்தார்க்கு இல்லை என்பது அவர் துணிபு. மேலும், கொலைக்கு நிகரான தீங்கையே ஒருவர் செய்தாலும், முன்னர் அவர் செய்த நன்மை ஒன்றனை நினைத்த அளவில் அத்தீங்கின் வெம்மை தணியும் என்றும், தீமையை அது செய்யப்பட்ட நாளிலேயே மறந்துவிடுதல் நலம் என்றும் அவ்வதிகாரம் நமக்குச் சொல்கிறது. புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன், ஆசிரியர்க்கு இடர் வந்தவிடத்துத் துணை நின்றும் பொருள் தந்தும் கற்க வேண்டும் என்று அரசனாக இருந்தும் பணிந்து பாடினான். இம்மரபில் வந்த நாம், கல்வி தந்த இடத்தைக் குறை கூறலாமா?

இவ்வினாவை நான் நெடுநாள் சுமந்தேன். பின்னர் எனக்குத் தோன்றியது இது. தீமையை மறக்கச் சொன்ன வள்ளுவர் யாரை நோக்கிச் சொன்னார்? அத்தீமையை அடைந்தவனை நோக்கி. எனக்குச் செய்த தீங்கை நான் மறக்கலாம்; மறப்பது என் பெருமை. என் தோழனுக்குச் செய்த தீங்கை மறக்க எனக்கு என்ன உரிமை? அது அவன் சொத்து. அவன் விரும்பினால் மன்னிப்பான், விரும்பாவிடின் வைத்திருப்பான். அவன் சார்பில் நான் மன்னித்து, அதற்குக் கைம்மாறாக விழாவில் ஒரு மாலையும் பெற்றுக்கொண்டால், அது பொறுமையன்று. பிறன் பொருளை எடுத்துத் தானம் செய்தல் போன்றது. அதே வள்ளுவர் ‘வாய்மை’ என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். தான் அறிந்த ஒன்றை மறைத்துப் பொய் கூறியவனை அவன் உள்ளமே வருத்தும் என்று அங்கே எச்சரித்தார். நன்றியும் வாய்மையும் ஒரே நூலின் இரண்டு அதிகாரங்கள். ஒன்றை ஓதி மற்றதை மறைத்தற்கு நூல் இடம் தரவில்லை.

‘கட்டணம் செலுத்தித்தானே படித்தோம், நன்றி என்ன வேண்டிக் கிடக்கிறது?’ என்று வெட்டிப் பேசுவோரும் உளர். பெங்களூர் நண்பர் அத்தகையவர். அவர் கூற்றும் முழுமையாகாது. கட்டணம் அரிசிக்கும் விளக்குக்கும் ஆயிற்று. மாலையில் அரைமணி நேரம் எனக்காக அமர்ந்த ஆசிரியரின் நெஞ்சுக்கு எந்த மணியார்டரில் பணம் கட்டினோம்? விலை கொடுத்து வாங்கிய பொருளோடு விலையின்றி வந்த ஒன்றும் கலந்திருக்கும்போது, முழுவதும் வாணிகம் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் நம் நாட்டின் மோதிகாரியில் 1903-இல் பிறந்தவர். தாம் சிறுவனாகப் பயின்ற விடுதிப் பள்ளியைப் பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதினார். குறைந்த கட்டணத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளை அவர். அச்சலுகையைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கூசச் செய்தனர் என்பது அக்கட்டுரையின் கசப்புகளுள் ஒன்று. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1952-இல் தான் அது அச்சேறிற்று. அவர் அப்பள்ளிக்கு ஒருமுறையும் திரும்பிச் செல்லவில்லை. சென்றால் யாவும் மிகச் சிறியனவாகத் தோன்றும் என்று அவரே கருதினார். அவர் எழுதியதே அவர் சென்று வந்ததற்கு ஒப்பாயிற்று என்று நான் எண்ணுவதுண்டு. எனக்கோ அவருடைய எழுதுகோலும் இல்லை. அவருக்குரிய நியாயமும் இல்லை. அவர் சுவரோரம் நின்றவர்களின் இனம். நான் பந்தியில் அமர்ந்தவர்களின் இனம். நின்றவர் போகாதிருக்கலாம். அமர்ந்தவனுக்குப் போக வேண்டிய கடமை சற்று மிகுதியன்றோ?

இவ்வாறு எண்ணிய பின்னரே பயணச்சீட்டுப் பதிந்தேன்.

பள்ளி சிறியதாகத்தான் இருந்தது. ஓடி ஓடிக் களைத்த திடலை இருநூறு அடியில் கடந்துவிட்டேன். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டிருந்தார்கள். உணவுக்கூடத்தில் தரையில் அமரும் வழக்கம் போய், மேசையும் பெஞ்சும் வந்திருந்தன. மேற்குச் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கைகழுவும் குழாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கே நின்று ஒருவர் மேல் ஒருவர் நீரைத் தெளித்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். கட்டணம் தாமதமானால் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று இளைஞரான வார்டனைக் கேட்டேன். ‘வங்கி வழியாக வருகிறது, சார். வராவிட்டால் அலுவலகத்திலிருந்து பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது’ என்றார். அவர் அதனை ஒரு பெரிய செய்தியாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

எங்கள் தமிழாசிரியர் விழாவுக்கு அழைத்துவரப்பட்டிருந்தார். வயது எண்பத்தாறு. முன்வரிசையில் ஒரு நாற்காலியில், தோளில் துண்டோடு அமர்ந்திருந்தார். காலைத் தொட்டு வணங்கி, தில்லியிலிருந்து வந்த பையன் நான் என்று சொன்னேன். பார்வை மங்கியிருந்த அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, முகத்தருகே குனிந்து நோக்கி, “நீ அந்தச் சுவரோரம் நிற்பாயே, அந்தப் பையன்தானே?” என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அச்சுவரை நான் ஒருவனே நினைத்துக்கொண்டிருப்பதாக எண்ணியிருந்தேன்.

“இல்லை, ஐயா. அவன் வேறு. நான் உட்கார்ந்து சாப்பிட்டவன்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “வார்டனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், தம்பி. கணக்கை நீங்கள் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எனக்கும் நாலு பிள்ளைகள். மறுமுறை சொல்லவில்லை” என்றார். மேடையில் யாரோ வரவேற்புரை தொடங்கினார்கள். அவர் என் கையை விடவில்லை. அவ்வுரை முடியும்வரை நான் அவர் காலடியில் தரையில் அமர்ந்திருந்தேன்.

வார்டனைப் பற்றியும் அன்று நான் புதிதாக எண்ணினேன். அரிசி கிடைக்காத ஆண்டில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டாக வேண்டிய மனிதர் அவர். எவரையும் அவர் பட்டினி போட்டதில்லை. கடன்காரர்களுக்கு விடை சொல்ல வேண்டிய அச்சத்தை, விடை சொல்ல இயலாத சிறுவர்கள் மேல் இறக்கி வைத்தார். அவர் செய்தது தவறே. ஆயினும் அதனைக் கொடியவர் ஒருவரின் செயல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. வார்டனுக்குக் கணக்கு, ஆசிரியருக்குக் குடும்பம், எனக்குத் தட்டில் சோறு. அவரவர்க்கு அவரவர் காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஒரு சிறுவனைச் சுவரோரம் நிறுத்தின. தீமை பெரும்பாலும் இவ்வாறே, நல்லவர்கள் பலர் கூடிய இடத்திலேயே நிகழ்கிறது.

ஆகவே நான் வந்தடைந்த முடிவு இது. பழைய பள்ளிக்குப் போவதா, போகாதிருப்பதா என்பதன்று உண்மையான வினா. எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதே வினா. தீமையை வாயிற்படியில் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தால் நம் நன்றி முகமன் ஆகிவிடும். நன்மையை வீட்டில் விட்டுவிட்டுச் சென்றால் நம் நியாயம் வெறும் வஞ்சம் ஆகிவிடும். முழு நினைவோடு செல்ல இயன்றவன் செல்லலாம். அடிபட்டவன் செல்ல இயலவில்லை என்றால், அவனை நன்றி கெட்டவன் என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அவன் இடத்தை வெறுமையாக விட்டு வைப்பதும் விழாவில் நாம் செய்யத்தக்க மரியாதைகளுள் ஒன்று.

விழாவின் நிறைவில், பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு கேட்டனர். தமிழாசிரியரின் அரைமணி நேரத்தையும் மேற்குச் சுவரையும் சேர்த்தே எழுதித் தந்தேன். எவர் பெயரையும் குறிக்கவில்லை. வெளியிடத் தயங்குவர் என்று எண்ணினேன், வெளியிட்டனர். பழைய மாணவர் சிலர் சேர்ந்து, கட்டணம் தாமதமாகும் பிள்ளைகளின் கணக்கில் அலுவலகமே எடுத்து வரவு வைக்கும்படி ஒரு சிறு வைப்பு நிதியும் ஏற்படுத்தினோம். பெங்களூர் நண்பர் விழாவுக்கு வரவில்லை; ஆயின் அந்நிதிக்கு எல்லாரினும் மிகுதியாகப் பணம் அனுப்பினார். கடிதம் ஏதும் இணைக்கவில்லை.

இன்றும் நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் விடுதிகளுக்குச் செல்கின்றனர். 1986 முதல் இயங்கிவரும் நவோதய வித்யாலயங்களிலும், 2004-இல் பெண்குழந்தைகளுக்கென ஏற்பட்ட கஸ்தூர்பா காந்தி பள்ளிகளிலும், அரசு நலத்துறை விடுதிகளிலும் எளிய வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கின்றனர். தமிழ் மறந்துவிடுமோ என்னும் அச்சத்தினாலோ, வேறு வழியின்மையாலோ பிள்ளையைத் தொலைவில் அனுப்பும் பெற்றோர் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் பார்த்து வரட்டும். அதனோடு உணவுக்கூடத்திலும் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும். பணம் தாமதமானால் பிள்ளை எங்கே அமரும் என்று கேட்கட்டும். ‘நலம்’ என்று மட்டும் வரும் செய்தியை நலம் என்று நம்பிவிடாதிருக்கட்டும்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் எங்கேனும் நலமாக இருப்பான் என்று நம்புகிறேன். தமிழ் படிக்க அவனும் என்னைப் போலவே வடக்கிலிருந்து அனுப்பப்பட்டவன். இம்மலர் பிலாய்ப் பக்கம் செல்லுமாயின், ஒருகால் அவன் கண்ணில் படலாம். பட்டால், அன்று தலையைத் தாழ்த்தியவன் இன்று நிமிர்ந்து பார்க்க விரும்புகிறான் என்பதை அவன் அறிந்துகொள்ளட்டும்.